ராணுவத்துக்கு வானத்திலிருந்து துணை: தஞ்சாவூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப்படையில் ரேடியோ பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்குக் கொஞ்ச தூரத்தில்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்னிவீர் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஜன்னல் அதிர ஒரு சுகோய் மேலே போனால் போதும், பாடம் நின்று கேள்வி ஆரம்பித்துவிடும். டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும்கூட அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் திருப்பிச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

சார், நம்ம தலைக்கு மேல போற சுகோய், சண்டை வந்தா எல்லையில நிக்கிற ராணுவத்துக்கு உதவத்தான் போகுமா?

அதன் முதல் வேலை அது இல்லை. தஞ்சாவூரில் இருப்பது 222-ஆம் படைப்பிரிவு, 'டைகர்ஷார்க்ஸ்' என்று பெயர். 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு இங்கே தொடங்கினார்கள். பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமந்து போய், கடலில் வெகுதூரத்தில் நிற்கும் கப்பலை அடிப்பதுதான் இவற்றின் சிறப்பு. அந்த ஏவுகணை ஒன்றே சுமார் இரண்டரை டன் எடை. வங்கக் கடலும் இந்தியப் பெருங்கடலும்தான் இவற்றின் காவல் எல்லை.

தளம் பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்ட ஓடுதளம், 2013 மே மாதம் முழு விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 222-க்கும் ஒரு பழைய வாழ்க்கை உண்டு. முன்பு சுகோய்-7, பிறகு மிக்-27 வைத்திருந்தது. இரண்டுமே தரையில் உள்ள இலக்கை அடிப்பதற்கான விமானங்கள். அதனால் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கும் இந்தப் படைப்பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது.

மேல இருந்து குண்டு போட்டா எல்லாமே ராணுவத்துக்கு உதவிதானே? தனியா என்ன பேரு அதுக்கு?

பெயர் குளோஸ் ஏர் சப்போர்ட். நான் தரைத்துணை என்றே எழுதுகிறேன். நம் வீரர்கள் எதிரியோடு மோதிக்கொண்டிருக்கும் இடத்திலேயே, அவர்களுக்கு மிக அருகில் இருக்கும் எதிரியை விமானம் அடிப்பது. 'அருகில்' என்பதுதான் இதில் உயிரான சொல். நம் ஆள் பதுங்கியிருக்கும் குழிக்கும் குண்டு விழும் இடத்துக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான் இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது.

எதிரியின் பாலம், எண்ணெய்க் கிடங்கு, பின்னால் வரும் லாரி வரிசை ஆகியவற்றை அடிப்பது வேறு வேலை. அங்கே நம் ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. விமானப்படை தானே திட்டம் போட்டுப் போய்வரலாம். தரைத்துணையில் அப்படி முடியாது. ஒவ்வொரு குண்டையும் கீழே இருக்கிறவனின் நகர்வோடு பொருத்தித்தான் போட வேண்டும். 2025 மே மாதம் நடந்த ஆபரேஷன் சிந்தூரைப் பலரும் தரைத்துணைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். அது தொலைவிலிருந்து நடந்த தாக்குதல். அடிபட்ட இடங்களின் பக்கத்தில் நம் காலாட்படை இல்லை.

அவ்ளோ காசு போட்டு வாங்குன விமானம், மேல இருந்து பார்த்தா யாரு நம்ம ஆளு, யாரு எதிரின்னு தெரியாதா?

தெரியாது. இந்த ஒரு பதிலைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 250 மீட்டர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போக மூன்று நிமிஷம் ஆகாது. அந்த வேகத்தில் போகிறவனுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளம் நான்கே நொடியில் காலுக்கடியில் வந்துவிடும். உயரத்திலிருந்து பார்க்கிறானா, கேமரா வழியாகத்தான் பார்க்கிறான். உறிஞ்சிக்குழல் வழியாக ஊரைப் பார்ப்பது போல, ஒரு இடம் துல்லியமாகத் தெரியும், அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. உடையெல்லாம் மண்ணாகிக் கிடக்கும் மனிதன் எந்த நாட்டுக்காரன் என்பதைக் கேமரா சொல்லாது.

இப்போது நம் பக்கத்தில் ட்ரோன் வைத்து நெல்லுக்கு மருந்தடிக்கிறார்கள். ட்ரோன் ஓட்டும் பையனுக்கு எது யார் வயல் என்று தெரியாது. வயல்காரர் வரப்பில் நின்று, "அந்த வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் வரைக்கும்" என்று கை காட்டினால்தான் மருந்து சரியான வயலில் விழும். போர்க்களத்தில் வரப்பில் நிற்கும் அந்த மனிதருக்கு ஃபார்வர்ட் ஏர் கன்ட்ரோலர் என்று பெயர். இலக்கு எங்கே, எவ்வளவு உயரத்தில், என்ன மாதிரி, நம் ஆட்கள் அதற்கு எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில், அடித்துவிட்டு எந்தப் பக்கம் விலக வேண்டும், எல்லாவற்றையும் அவர் ரேடியோவில் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பைலட் முக்கியமானதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். புகைக்குண்டாலோ லேசர் ஒளியாலோ இலக்கைக் குறித்துக் காட்டுவதும் உண்டு. மேலே இருக்கிறவன் அந்தக் குரலை நம்பித்தான் பொத்தானை அழுத்துகிறான்.

பீரங்கி இருக்கே சார், அதை விட்டுட்டு விமானம் எதுக்கு?

பீரங்கிதான் முதல். மழையோ இருட்டோ மேகமோ அதற்குத் தடை இல்லை, கூப்பிட்ட சில நிமிஷத்தில் குண்டு விழும், எரிபொருள் தீர்ந்து திரும்பிப் போகாது. கார்கிலில் மலைமேல் விழுந்த குண்டுகளில் பெரும்பகுதி போஃபர்ஸ் உள்ளிட்ட பீரங்கிகள் சுட்டவைதான்.

பீரங்கி எட்டாத தூரம், மலைக்குப் பின்னால் ஒளிந்த இலக்கு, ஒரே அடியில் உடைக்க வேண்டிய பதுங்கு அறை, ஓடிக்கொண்டே இருக்கும் டாங்கி வரிசை, இவற்றுக்கு விமானம் வேண்டும். பீரங்கியே இல்லாமல் தனித்து மாட்டிக்கொண்ட சிறு காவல் படைக்கும் வேண்டும். அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

லோங்கேவாலாவுல ஜெயிச்சது ராணுவமா, விமானப்படையா? எங்க தாத்தா ராணுவம்ங்கிறாரு, எங்க மாமா விமானப்படைங்கிறாரு.

இரண்டு பேரிடமும் உண்மை இருக்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா காவல் சாவடி. 1971 டிசம்பர் 4 இரவு. 23-ஆம் பஞ்சாப் பட்டாலியனின் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமை. எதிரே வந்தது பாகிஸ்தானின் டாங்கிப் படை, கூடவே பெரிய காலாட்படை. சாவடியிலிருந்து உதவி கேட்டார்கள். ஜெய்சல்மேரில் சில ஹண்டர் விமானங்கள் இருந்தன. ஆனால் ஹண்டருக்கு இரவில் சண்டையிடும் வசதி கிடையாது. விடியும்வரை தாங்குங்கள் என்பதுதான் கிடைத்த பதில்.

தாங்கினார்கள். அதுதான் ராணுவத்தின் வெற்றி. அவர்கள் இரவே பின்வாங்கியிருந்தால் காலையில் விமானம் வந்து காப்பாற்ற அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். 5-ஆம் தேதி வெளிச்சம் வந்ததும் ஹண்டர்கள் வந்தன. ராக்கெட்டும் 30 மில்லிமீட்டர் பீரங்கித் துப்பாக்கியும் கொண்டு டாங்கிகளை ஒவ்வொன்றாக அடித்தன. வெட்டவெளி மணல், ஒளிய மரம் இல்லை, டாங்கி நகர்ந்தால் புழுதி காட்டிக்கொடுத்துவிடும். பாகிஸ்தான் விமானப்படை அந்த வானத்துக்கு வரவே இல்லை. தப்பிக்க வளைந்து வளைந்து ஓடிய டாங்கிகளின் தடம் மணலில் கோலம் போட்ட மாதிரி பதிந்த படம் இன்றும் இருக்கிறது. அந்த அழிவு விமானப்படையின் வேலை.

பலரும் சொல்ல மறக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. மேஜர் ஆத்மா சிங், க்ரிஷாக் என்ற சின்னக் கண்காணிப்பு விமானத்தில் தாழப் பறந்து ஹண்டர்களுக்கு இலக்கைக் காட்டிக்கொண்டே இருந்தார். வரப்பில் நிற்கும் வயல்காரர் என்றேனே, அன்று அவர் வரப்புக்கு மேலே பறந்தார். பெருமை யாருக்கு என்று ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு இடையே பல வருஷம் வாதம் நடந்தது. எனக்கு அந்த வாதத்தில் மனம் போவதில்லை. ஆத்மா சிங்கின் பேரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்ப 1962ல சீனாக்காரன் வந்தப்போ ஏன் விமானம் போகல?

போர் விமானங்களைத் தாக்குதலுக்கு அனுப்பவில்லை. சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மட்டும் நம் வீரர்களுக்கு உணவும் தோட்டாவும் கொண்டுபோய்ப் போட்டன, காயம்பட்டவர்களைத் தூக்கிவந்தன. தாக்கினால் சீனா நம் நகரங்களில் குண்டு போடும் என்ற பயம் அரசுக்கு இருந்தது. அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

1965-இல் நேர் எதிரான பாடம் கிடைத்தது. செப்டம்பர் 1 மாலை, ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் முன்னேறின. ராணுவம் கேட்டதும் பதான்கோட்டிலிருந்து பழைய வேம்பயர் விமானங்களும் மிஸ்டேர் விமானங்களும் அவசரமாகக் கிளம்பின. நான்கு வேம்பயர்கள் விழுந்தன. இருள் கவியும் நேரம், கீழே இரண்டு படையும் கலந்து கிடந்தது, வழிகாட்ட ஒழுங்கான ஏற்பாடு இல்லை. நம் விமானங்களின் அடி நம் ஆட்கள் மேலும் விழுந்தது. விமானம் போகவில்லை என்பதும் துயரம், ஏற்பாடு இல்லாமல் போனது என்பதும் துயரம்.

இதில் எனக்கு மனதைத் தைப்பது என்னவென்றால், இந்திய விமானப்படை பிறந்ததே இந்த வேலைக்குத்தான். 1933-இல் கராச்சியில் தொடங்கிய முதல் படைப்பிரிவு, தரைப்படையோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்றே வாபிட்டி என்ற இரட்டை இறக்கை விமானங்களை வைத்திருந்தது.

கார்கில்ல ராணுவம் ஹெலிகாப்டர்தானே கேட்டுச்சு? விமானப்படை ஏன் உடனே கொடுக்கல?

கேட்டது உண்மை. தாக்குதல் ஹெலிகாப்டர் வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது நம்மிடம் இருந்த மி-25, மி-35 இரண்டுமே கனமானவை. கார்கில் சிகரங்கள் 14,000 அடியிலிருந்து 18,000 அடிவரை. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும், இறக்கைக்குப் பிடிப்பு இருக்காது, ஆயுதத்தோடு அங்கே அவற்றால் சண்டையிட முடியாது. தவிர, விமானத்தைப் போரில் இறக்குவது அரசு எடுக்க வேண்டிய முடிவு என்றும் விமானப்படை சொன்னது. ராணுவத்துக்கு அது தட்டிக்கழிப்பதாகத் தெரிந்தது. மலையேறிச் செத்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கோபம் புரியும்.

அனுமதி வந்து 1999 மே 26-இல் ஆபரேஷன் சஃபேத் சாகர் தொடங்கியது. எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது கட்டளை. மறுநாள் ஒரு மிக்-27, ஒரு மிக்-21 இரண்டையும் இழந்தோம். 28-ஆம் தேதி ராக்கெட் கட்டிய மி-17 ஹெலிகாப்டர் ஒன்று தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணைக்கு இரையானது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதோடு மி-17-ஐத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள்.

பிறகு முறையை மாற்றினார்கள். ஏவுகணைக்கு எட்டாத உயரத்திலிருந்து அடித்தார்கள். மிராஜ்-2000 விமானத்தில் லேசர் வழிகாட்டும் குண்டைப் பொருத்தினார்கள். ஜூன் 17-இல் முந்தோ தாலோ என்ற இடத்தில் எதிரியின் பெரிய சரக்கு முகாம் அழிந்தது. ஜூன் 24-இல் டைகர் ஹில்லின் மேலேயே குண்டு விழுந்தது. ஜூலை 4-இல் நம் வீரர்கள் அந்தச் சிகரத்தைப் பிடித்தார்கள். முந்தோ தாலோ தாக்குதல் இரண்டாவது பதிலில் சொன்ன பின்வரிசை அடி வகை. ஆனால் மேலே இருந்த எதிரிக்குச் சோறும் குண்டும் போகாமல் நின்றது கீழிருந்து ஏறியவர்களுக்கு எந்தத் தரைத்துணைக்கும் குறைந்ததில்லை.

பைலட் ஆனாத்தான் இந்த வேலைக்குப் போக முடியுமா சார்? எம்பையன் ஏர்மேனாத்தான் சேரப் போறான்.

இல்லை அம்மா. ரேடியோ, ஆயுதம், இன்ஜின், வானிலை, எந்தப் பிரிவில் இருந்தாலும் இந்த வேலையில் அவன் கை இருக்கும். கன்ட்ரோலர் பொறுப்புக்கு நம் நாட்டில் பெரும்பாலும் பைலட்டுகளையே ராணுவத்தோடு அனுப்புவார்கள். அதே மாதிரி ராணுவ அதிகாரி ஒருவர் விமானத் தளத்தில் இருந்து, கீழே என்ன நடக்கிறது என்று பைலட்டுகளுக்கு விளக்குவார். ராணுவத்தின் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படை) தலைமையகங்களில் டேக்டிகல் ஏர் சென்டர் என்று விமானப்படையின் ஒரு பிரிவு ராணுவத்தோடேயே உட்கார்ந்திருக்கும். இவ்வளவு பேரையும் இணைப்பது ரேடியோதான்.

அமெரிக்காவோட ஏ-10 மாதிரி ஒண்ணு நம்மகிட்ட ஏன் இல்ல? இதுக்குன்னே செஞ்ச விமானமாமே?

ஆமாம், இதற்கென்றே செய்தது. முதலில் பறந்தது 1972. மூக்கில் ஏழு குழல் கொண்ட 30 மில்லிமீட்டர் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி விமானத்தைக் கட்டினார்கள் என்றே சொல்லலாம். 1,174 குண்டுவரை அடைக்கலாம், நிமிஷத்துக்கு 3,900 சுடும். நம் சுகோய்-30-இல் இருக்கும் துப்பாக்கிக்கு 150 குண்டு, ஆறு நொடியில் தீர்ந்துவிடும். பைலட்டைச் சுற்றித் தொட்டி மாதிரி டைட்டானியக் கவசம். மெதுவாகப் பறக்கும், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும், அடிவாங்கியும் திரும்பும். 2003-இல் பாக்தாத் மேல் அடிபட்டு விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் முழுதும் போன ஏ-10 ஒன்றை, கேப்டன் கிம் கேம்பெல் என்ற பெண் பைலட் கைப்பலத்தாலேயே ஓட்டி வந்து இறக்கினார். ரஷ்யாவின் சுகோய்-25-உம் இதே குணம் கொண்டதுதான்.

நம்மிடம் மிக்-27 ஓரளவு இந்த வேலையைச் செய்தது. 2019 டிசம்பரில் அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று. இப்போது ஜாகுவார், மிராஜ், சுகோய்-30 எல்லாம் பல வேலைகளில் ஒன்றாக இதையும் செய்கின்றன. 42 போர் விமானப் படைப்பிரிவு வேண்டும் என்று அனுமதி இருக்க, கையில் முப்பதை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த நிலையில் ஒரே ஒரு வேலை தெரிந்த விமானத்தை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவ்வளவு நல்ல விமானம்னா அமெரிக்க விமானப்படையே அதைக் கழிச்சுக் கட்டணும்னு ஏன் நிக்குது?

2014-இல் மொத்தமாக ஓய்வு கொடுக்கத் திட்டம் போட்டார்கள், அவர்கள் நாடாளுமன்றம் தடுத்துவிட்டது. வருஷா வருஷம் இழுபறி நடந்து 2023-இலிருந்துதான் படிப்படியாகக் குறைக்க வழி பிறந்தது. விமானப்படை சொல்லும் காரணம்: வானம் நம் கையில் இருந்தால்தான் மெதுவான விமானம் பிழைக்கும். 1991 வளைகுடாப் போரில் ஏ-10 டாங்கிகளை அடித்துக் குவித்தது. ஆனால் பிப்ரவரி 15 அன்று இராக்கின் சிறந்த படையான குடியரசுக் காவல் படை மேல் போனபோது ஒரே நாளில் இரண்டு விழுந்தன. அதன்பின் அந்தப் படை பக்கம் ஏ-10-ஐ அனுப்பவில்லை. வலுவான எதிரியிடம் அது எடுபடாது என்பது அவர்கள் வாதம்.

தரையில் நின்றவர்கள் சொல்வது வேறு. வேகமான ஜெட் வந்தது, இரண்டு குண்டு போட்டது, எரிபொருள் இல்லை என்று போய்விட்டது. ஏ-10 எங்களோடு இருந்தது, எங்கள் பள்ளத்தாக்கை எங்களைப் போலவே அறிந்திருந்தது என்கிறார்கள். நான் இந்த இடத்தில் தரையில் நின்றவர்கள் பக்கம் சாய்கிறேன், ஆனால் அவர்கள் விரும்புவது அந்த இரும்பை மட்டும் அல்ல என்றும் நினைக்கிறேன். ஏ-10 பைலட்டுக்கு இது ஒன்றே வேலை. ராணுவத்தோடு பேசிப் பேசியே வளர்ந்தவன். விமானத்தைக் கழித்துவிட்டு அந்தப் பழக்கத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டால், நஷ்டம் பழக்கம் போனதில்தான் பெரிது.

மெதுவா தாழப் பறந்து, கண்ணால பார்த்து அடிச்சா தப்பு நடக்காதுல்ல?

நடந்திருக்கிறது. 2003 மார்ச் 28, இராக்கின் பாஸ்ரா பக்கம் இரண்டு ஏ-10 விமானங்கள் நட்பு நாடான பிரிட்டனின் கவச வண்டிகளையே சுட்டன. ஒரு வீரர் இறந்தார். நட்பு வண்டி என்று தெரியத்தான் ஆரஞ்சு நிறப் பலகை விரித்திருந்தார்கள். பைலட்டுகள் அதைப் பார்த்து ஆரஞ்சு நிற ராக்கெட் என்று நினைத்துவிட்டார்கள். கண்ணால் பார்த்தும்தான் அப்படி நினைத்தார்கள்.

உயரத்திலிருந்து அடித்தாலும் இதே கதை. 2014 ஜூன் 9, ஆப்கானிஸ்தானின் சாபுல் மாகாணத்தில் பி-1 குண்டுவீச்சு விமானம் போட்ட குண்டில் ஐந்து அமெரிக்க வீரர்களும் ஒரு ஆப்கன் வீரரும் இறந்தார்கள். வீரர்களின் தலைக்கவசத்தில் அகச்சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அந்த வகை வெளிச்சத்தை விமானத்தின் கேமராவால் பார்க்க முடியாது என்பது மேலே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, கீழே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. இன்னும் பின்னால் போனால் 1944 ஜூலை 25, பிரான்ஸின் நார்மண்டியில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் தங்கள் வீரர்கள் 111 பேரையே கொன்றன. அதில் ஒரு லெப்டினன்ட் ஜெனரலும் உண்டு. மூன்றாவது பதிலை இங்கே ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

தாக்குதல் ஹெலிகாப்டர் ராணுவத்துக்குச் சொந்தமா இருக்கணுமா, விமானப்படைக்கா? ரெண்டு பேரும் ஏன் சண்டை போடுறாங்க?

நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்தாச்சு. எந்த ஆற்றில் எவ்வளவு விடுவது என்று ஒரே இடத்தில் முடிவெடுத்து முறை வைத்தால்தான் டெல்டா முழுதும் பாயும். ஒவ்வொரு ஊரும் ஷட்டரைத் தன் கையில் எடுத்தால் மேல்மடை மூழ்கும், கடைமடை காயும். விமானப்படையின் வாதம் இதுதான். 1943 தொடக்கத்தில் துனிசியாவில் அமெரிக்கர்கள் விமானங்களைப் படைக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு படையின் தலைக்கு மேல் விமானம் சும்மா சுற்றியது, பக்கத்துப் படை அடிவாங்கியது. அதே வருஷம் ஜூலையில் விதியை மாற்றி, விமானத்தை ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்தார்கள்.

ஆனால் கடைமடைக்காரர் என்ன சொல்வார்? "முறை நல்ல முறைதான். என் பயிர் கதிர் தள்ளுற அன்னைக்குத் தண்ணி வரலையே." அதனால் அவர் கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு பம்புசெட் போடுகிறார். ராணுவம் கேட்கும் ஹெலிகாப்டர் அந்த பம்புசெட். அது டெல்டாவுக்கே பாயாது, ஆனால் தன் வயல் காயும்போது யாரையும் கேட்காமல் போட்டுக்கொள்ளலாம்.

நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வந்திருக்கிறது. அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் 22 விமானப்படைக்கு, பிறகு வாங்கிய 6 ராணுவத்துக்கு. கார்கில் பட்ட பாட்டில் பிறந்த நம் பிரசண்ட் ஹெலிகாப்டர் 2022 அக்டோபரில் விமானப்படையில் சேர்ந்தது, மிக உயர்ந்த மலைகளில் இயங்கவென்றே செய்தது. 2025 மார்ச்சில் மேலும் 156-க்கு ஒப்பந்தம் போட்டார்கள், 90 ராணுவத்துக்கு, 66 விமானப்படைக்கு. எனக்கு இந்தப் பங்கீடு சரியாகவே படுகிறது. வீரனோடு வீரனாக நகர வேண்டியது ராணுவத்திடம் இருக்கட்டும். வெகுதூரம் போய் எங்கு வேண்டுமானாலும் அடிக்கக்கூடிய ஜெட் ஒரே கையில் இருக்கட்டும்.

அமெரிக்க மரைன் படைக்கு மட்டும் சொந்தமா ஜெட் இருக்கே? அங்க எப்படி நடக்குது?

நல்ல மடக்கு. மரைன்கள் கப்பலிலிருந்து கரையேறிச் சண்டையிடுகிறவர்கள், கனமான பீரங்கியைக் கூடவே எடுத்துப்போக முடியாது, அந்தக் குறையை விமானத்தால் நிரப்புகிறார்கள். அங்கே பைலட்டும் அதிகாரிப் பயிற்சியைக் காலாட்படை ஆளோடு சேர்ந்தே ஆரம்பிக்கிறான். கீழே இருக்கிறவன் என்ன கேட்பான் என்று மேலே இருக்கிறவனுக்குச் சொல்லாமலே தெரியும். சொந்த விமானம் என்பதைவிட இந்த ஒரே சட்டிச் சோறுதான் அங்கே வேலை செய்கிறது.

ட்ரோன் வந்தாச்சே சார், இனிமே இதெல்லாம் பழங்கதைதானே?

பாதி சரி. உக்ரைனில் சின்னக் குழுவே தன் ட்ரோனை அனுப்பித் தன் முன்னால் இருக்கும் டாங்கியை அடிக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. பம்புசெட் உவமையைச் சொன்னேனே, இது இடுப்பில் கட்டிக்கொள்ளும் பம்புசெட். இந்திய ராணுவமும் காலாட்படைப் பட்டாலியன்களில் ட்ரோன் பிரிவுகளைச் சேர்த்துவருகிறது.

அதே போரில் சுகோய்-25-உம் ஹெலிகாப்டர்களும் எதிரிக்கு மேலே போகவே பயந்து, தூரத்திலிருந்து மூக்கைத் தூக்கி ராக்கெட்டை வானத்தில் எறிந்துவிட்டுத் திரும்புகின்றன. அப்படி எறிந்தால் குறி தப்பும். ரஷ்யா பல பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்து இறக்கை கட்டிய குண்டுகளைச் சறுக்கிவிடுகிறது. ஆனால் ட்ரோன் சுமப்பது சில கிலோ, விமானத்தின் ஒரு குண்டே 250 கிலோ, 500 கிலோ. கான்கிரீட் பதுங்கு அறையைச் சின்ன ட்ரோன் உடைக்காது. ட்ரோனுக்கும் ரேடியோ வேண்டும். எதிரி அதைக் குழப்பினால் விழுந்துவிடும் என்பதால் மெல்லிய ஒளியிழைக் கம்பியை வால்போல அவிழ்த்துக்கொண்டு பறக்கும் ட்ரோன்களும் வந்துவிட்டன.

ஊருக்குள்ளயே சண்டைன்னா? ஜனங்க இருக்கிற இடத்துல இந்த விமானம் என்ன பண்ணும்?

வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கேட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அறிந்தவர்கள் அவர்கள். 1987-இல் நம் அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் சண்டையிட்டபோது நம் விமானப்படையின் மி-25 ஹெலிகாப்டர்களும் அங்கே போயின. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் இலங்கை விமானப்படையின் குண்டு விழுந்து ஏராளமானவர்கள் இறந்தார்கள்.

இதுவரை சொன்ன எந்த ஏற்பாடும் வீட்டுக்குள் இருக்கும் மக்களைக் காட்டித் தருவதற்காக உருவானது இல்லை. கன்ட்ரோலர் தன் ஆட்கள் எங்கே என்று சொல்லுவார். சுவருக்குப் பின்னால் எத்தனை குழந்தைகள் என்று அவருக்கே தெரியாது. போர்ச் சட்டம் மக்களையும் படையையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது, தெரியாவிட்டால் அடிக்காதே என்கிறது. ஊருக்குள் தரைத்துணை கேட்பது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன்.

நான் ராணுவத்துல இருந்தவன் தம்பி. கீழ நாங்க கூப்பிட்டு, மேல வந்த விமானம் குண்டு போடாமத் திரும்பிப் போனா, அது எங்களைக் கைவிட்டதுதானே?

இல்லை அண்ணே. நேட்டோ நாடுகளின் முறையில் கன்ட்ரோலர் 'கிளியர்ட் ஹாட்' என்று சொன்ன பிறகுதான் குண்டு விழும். ஆனால் 'அபார்ட்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்ன நொடியில் எல்லாம் நிற்கும். மேகம் மூடியிருக்கலாம், உங்கள் முன்வரிசை நகர்ந்திருக்கலாம், பைலட் திருப்பிச் சொன்ன இடமும் உங்கள் ஆள் சொன்ன இடமும் ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம். சாபுலிலும் பாஸ்ராவிலும் யாராவது ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அந்த வீரர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். ஆப்கானிஸ்தானில் குண்டே போடாமல் தலைக்கு மேல் தாழப் பறந்து சத்தத்தாலேயே எதிரியைச் சிதறடித்ததும் உண்டு.

ஆனால் உங்கள் கோபத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். போடாத குண்டோடு அந்த விமானம் இறங்கி, ஆயுதப் பிரிவு ஆட்கள் குண்டில் பாதுகாப்பு ஊசியைச் செருகி முடிப்பதற்குள், அடுத்த ஜோடி விமானம் உங்களை நோக்கிக் கிளம்பியிருக்க வேண்டும். அது கிளம்பவில்லை என்றால், நீங்கள் கேட்பது நியாயம்.